கமலவேணியின் உள்ளங்கை

என் மனைவி கமலவேணி, கம்பத்தில் ஏறி ஆடுகிற ‘போல் டான்ஸ்’ கற்றுக்கொள்ளப் போனதைப் பற்றி எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சர்க்கஸில் சேர்ந்துவிட்டாள் என்று ஒரு வீட்டில், சினிமாவில் ஆடப் போகிறாள் என்று இன்னொரு வீட்டில். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். நான் பஞ்சாட்சரம், அவள் புருஷன், ஒவ்வொரு ஞாயிறும் கூடவே போய் வந்தவன். நான் சொல்வதுதான் சரி. நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் தறியில் உட்காருகிறவனுக்கு முதுகும் வலிக்கும், கோபமும் வரும்.

முதலில் அவள் வேலையைச் சொல்லவேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவில் மூன்று புடவை வரும். அது தீரும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்து இணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், தலைமுடியைவிட மெல்லிசு. இழைக்கொத்தை இடது உள்ளங்கையில் படியவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இதில் எங்கள் தெருவில் கமலவேணியை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவனாக இருந்தால் அவள் வைக்கிற புளிக்குழம்பையும் புகழ்ந்திருப்பேன்.

அந்தக் கைக்காகக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான்தான். உள்ளங்கை கொஞ்சம் சொரசொரப்பாக ஆனாலும் பட்டு இழை அதில் மாட்டி அறுந்துவிடும். நான் பிடிப்பது குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை, என் கை எப்படி இருந்தாலும் காரியம் நடக்கும். பாவு இணைக்கிற பெண் உள்ள வீடுகளில் இதுதான் வழக்கம். மற்ற ஆண்கள் கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் மகள் இளவரசி படிக்க விடுதிக்குப் போன பிறகு வீடு ஓய்ந்து கிடந்தது. ஒருநாள் கமலவேணி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு பெண், அவள் வயதுதான் இருக்கும், எவர்சில்வர் கம்பத்தைக் காலால் பின்னிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் காற்றில். பெருமாள் கோயில் உறியடிக்கு வழுக்குமரம் ஏறுகிற பையன்களைத் தவிர நான் கம்பத்தில் யாரையும் பார்த்ததில்லை. இது என்ன கூத்து என்றேன்.

“இதுக்குப் பேரு போல் டான்ஸு. வேலை வெட்டி இருக்கறவங்க பொழுதுபோக்குக்குக் கத்துக்கறாங்க. நானும் கத்துக்கணும்ங்க,” என்றாள்.

நாற்பதைத் தொட்ட பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது? தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். பேசாமல் வேலையைப் பார்த்தாள், பேசாமல் சோறு போட்டாள், அப்படியே ஒரு மாதம் போயிற்று. நம்மால் தாங்க முடியுமா? சரி, எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று நானே இறங்கி வந்தேன்.

இந்த டான்ஸ் கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு ஸ்டூடியோ என்று பெயராம். காஞ்சிபுரத்தில் ஸ்டூடியோ என்றால் கல்யாண போட்டோ எடுக்கிற இடம். சென்னையில் மூன்று இடங்களைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிறன்று பஸ் ஏறினோம். நல்ல வாத்தியாரா, கீழே போடுகிற மெத்தை கனமானதா, கம்பத்தை எதில் முடுக்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிக்கவேண்டுமாம். பிற்பாடு தெரிந்துகொண்டோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தொட்டுப் பார்ப்பது.

அண்ணா நகரில் கம்பத்துக்குக் கறுப்பாக ஏதோ பூச்சுப் பூசியிருந்தது. பிடித்தால் நன்றாகப் பிடிபடும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதுதான் சுலபம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். கமலவேணி அதை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, சொரசொரப்பு, கை போய்விடும் என்று வெளியே வந்துவிட்டாள். வேளச்சேரியில் பித்தளைக் கம்பம். மோந்து பார்த்தாள். இந்த வாடையும் கறையும் கையில் ஒட்டினால் வெளிர் பாவு என்ன ஆகும் என்று என்னைக் கேட்டாள். மூன்றாவது போரூரில், மெத்தைக் கடைக்கு மாடியில். அங்கே பளபளவென்று வழவழப்பான ஸ்டீல் கம்பம். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்தவள் முகம் மலர்ந்துபோயிற்று. கற்றுக்கொடுக்கிற துளசி சின்னப் பெண், நல்ல பெண். இது ரொம்ப வழுக்கும் அக்கா, மற்றதைவிட இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று எச்சரித்தாள். எங்கள் காதில் ஏறினால்தானே! வழவழப்பாக இருந்தால் கைக்குக் கெடுதல் இல்லை, அதுதான் பட்டுக்காரர்கள் கணக்கு. நானும் பெரிய மேஸ்திரி மாதிரி கம்பத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அடுத்தது துணி விஷயம். அரை டவுசர்தான் போடவேண்டுமாம். தோல் பட்டால்தான் கம்பத்தில் ஒட்டுமாம், துணி வழுக்குமாம். துணி வழுக்கும் என்பதை நெசவுக்காரனிடம் சொன்னால் அவன் என்ன பதில் பேசுவது? வகுப்பு நடக்கும்போது ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. நான் கீழே மெத்தைக் கடை வாசலில் உட்கார்ந்து, மேலே தொப்பென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டவுடன் அவள் சிரிப்பும் கேட்கும். எங்கள் வீட்டில் அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் நாளே பாவுக்கு வைத்திருக்கிற சாம்பல் டப்பாவை அவள் எடுத்துப் போயிருக்கிறாள். வேர்த்த கைக்குச் சாம்பல் தொட்டால் பிடி கிடைக்கும் என்று அவள் யோசனை. திருநீறு பூசிக்கொண்டு ஆடுகிறாள் என்று மற்றப் பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். துளசி கம்பத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோய், கை வழுக்காமல் இருக்கத் தானே ஒரு வெள்ளை மருந்து கொடுத்திருக்கிறாள்.

சில வாரங்களில் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அது உடைந்து, விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாகக் காய்த்துப்போயிற்று. வழுக்குகிற கம்பத்தை இறுக்கிப் பிடித்ததன் பலன் அது. பூச்சுப் பூசிய கம்பமாக இருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று துளசியே சொன்னாள். கையைக் காப்பாற்றத் தேடித் தேடி எடுத்த கம்பம்தான் கையைத் தின்றது. கையுறை போட்டுப் பார்த்தாள், சறுக்கிற்று. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிப் படுத்தாள், ஞாயிறன்று அந்த எண்ணெயோடு நேராகத் தரைக்கு வந்துசேர்ந்தாள். காய்ப்புதான் உங்கள் பிடி, அதைத் தேய்த்துவிடாதீர்கள், தேய்த்தால் மறுபடி கொப்புளத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று துளசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து என் தறியில் பாவு தீர்ந்தது. கமலவேணி இணைக்க உட்கார்ந்தாள். அவள் வேலை செய்யும்போது விரல் போவதும் வருவதும் தெரியாது. அன்று ஒரு இழை உள்ளங்கைக் காய்ப்பில் மாட்டி அறுந்தது. அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் அறுந்த இழைகள் மடியில் பஞ்சு மாதிரி சேர்ந்துவிட்டன. எப்படியோ இணைத்து முடித்தாள். நெய்யும்போது அந்த இடத்தில் இழை அறுந்து அறுந்து எனக்குப் பிராணன் போயிற்று. நாடா போகிற சத்தத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பக்கத்துச் சந்துக்காரர்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தி, பாவு இணைக்கிற இன்னொரு பெண் வள்ளியைக் கூப்பிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நம் வீட்டுப் பாவுக்கும் வள்ளியையே வைத்துக்கொள்ளலாம், நீ போய் ஆடு என்றேன். நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

“என் தறியில இன்னொருத்தி கை வெச்சா, நான் எதுக்கு இந்த வீட்ல? எனக்கு அதுவும் வேணும்ங்க, இதுவும் வேணும்,” என்றாள்.

நான் என்ன செய்வேன்? எவனாவது தடுத்தால் அவனோடு மல்லுக்கு நிற்கலாம். யாரும் தடுக்கவில்லை. வேண்டுகிறது இரண்டு, கை ஒன்றுதான். இதற்கு எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது? எனக்கு வந்த கோபத்தில் அன்று பாத்திரத்தையெல்லாம் இரண்டு தடவை தேய்த்தேன்.

அந்தப் பாவில் இரண்டு புடவை முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிறன்று துளசி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து என்னை மேலே வரச் சொன்னாள். மற்றவர்கள் போய்விட்டார்கள், சீக்கிரம் வாருங்கள் என்றாள். எலும்பு ஏதாவது முறிந்துவிட்டதோ என்று படியில் ஓடினேன். கமலவேணி கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலே போனதும் காலைப் பின்னி, இடுப்பைத் திருப்பி, தலைகீழானாள். பிறகு ஒரு கையை விட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையையும் விட்டாள். பின்னல் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்து, தலைகீழாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெத்தைக் கடைத் தூசி என்று துளசியிடம் சொன்னேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரமாகத் தூங்கிவிட்டாள். நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். இந்தப் புடவை முடிந்தால் பாவு தீரும். அடுத்தது சந்தன நிறப் பாவு, முகூர்த்தப் புடவைக்கு. எங்களிடம் புடவை நெய்து வாங்குகிற கடைக்காரர் மாணிக்கவேல் ஏற்கெனவே நூலை அனுப்பிவிட்டார். அந்த நிறத்தில் ஒரு பிசிறு எழுந்தாலும் ஊருக்கே தெரியும்.

மறுநாளிலிருந்து நான் மெதுவாக நெய்தேன். முதுகு வலி என்றேன், கரண்ட் போய் வெளிச்சம் இல்லை என்றேன், ஜரிகை சரியில்லை என்று பிரித்துப் பிரித்துக் கோத்தேன். பாவு தீராதவரை அவள் கைக்கு ஆபத்தில்லை, எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். மாணிக்கவேல் போன் செய்து கத்தினார். முகூர்த்தம் எனக்காகக் காத்திருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எரிந்து விழுந்தேன்.

ஒரு மத்தியானம் கமலவேணி தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாடா போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

“உங்க தறி சத்தம் எனக்குத் தெரியாதா? இத்தினி நாளா என்னத்துக்கு இப்படி இழுத்துக்கினு இருக்கீங்க? யாரு வீட்டுப் பொண்ணோ புடவைக்குக் காத்துக்கினு இருக்குது. நெய்ங்க,” என்றாள்.

அதற்குமேல் எனக்கு வழியில்லை. நெய்தேன். முன்பு நெய்த வேகத்தில் நெய்தேன். ஒவ்வொரு முறை நாடா போய் வரும்போதும் பாவு குறைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தது. நிறுத்த எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

புடவையை அறுத்து இறக்கிய அன்று, கால் தேய்க்கிற கல்லையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையை ஊறவைத்து நீட்டினாள். தனக்குத்தானே தேய்த்துக்கொண்டால் சரியாக வராது, நீங்கள் தேயுங்கள் என்றாள். துளசி சொன்னதை நினைவுபடுத்தினேன். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அடுத்த பாவுக்கு மறுபடி தேய்க்கவேண்டும், இதற்கு முடிவே இல்லை என்றேன்.

“தெரியும். நான் தலைகீழா தொங்கினதை நீங்க பாத்தீங்க இல்ல?”

“பாத்தேன்.”

“அப்ப தேய்ங்க.”

தேய்த்தேன். கல் பட்ட இடத்தில் தோல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து நீரில் மிதந்தது. அவள் ஒரு தடவைகூடக் கையை இழுக்கவில்லை. இடது கையை முடித்துவிட்டு, வலது கையில் பாதியில் என்னால் முடியாமல் கல்லைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை அவளே தேய்த்தாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து சந்தன நிறப் பாவின் முன்னால் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டாள். நான் வேறு வேலை இருக்கிறவன் மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இழை அறுந்தால் போதும், தேய்த்தும் பிரயோசனமில்லை, அந்தக் கை போய்விட்டது என்று சொல்லி வள்ளியை அழைத்து வந்துவிடலாம். இவளைப் போரூருக்கு அனுப்பிவிடலாம். என் வாழ்நாளில் முதல்முறையாக, பட்டு இழை அறுந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.