பூட்டு போட்ட பெட்டி

கதை டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிடும் தமிழ் டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் சொல்லிக் கொடுத்தாலும் பிள்ளைகள் மண்டையில் ஏறினால் போதாது, மனசில் தைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இந்த வியாதியோடுதான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். மணி அடித்தோமா, பையைத் தூக்கினோமா என்று இருக்கத் தெரியாத ஜென்மம்.

இந்த வருஷம் துணைப்பாடமாக ஒரு நாவல் வந்தது. அதில் வரும் நகரத்தில் தெருவுக்குத் தெரு ஒரு பெட்டி. அடுத்தவர் செய்த தப்பை யார் வேண்டுமானாலும் தன் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். கடைசியில் ஊரே வாயை மூடிக்கொள்கிறது. பாதிப் புத்தகம் முடிந்தும் வகுப்பு கொட்டாவிதான் விட்டது, மூன்றாம் பெஞ்சு வாயாடியைத் தவிர.

"டீச்சர், அந்தப் பெட்டிய யாருமே உடைக்கலையா? பொய் எழுதிப் போட்டா என்ன பண்ணுவாங்க?" என்று துளைத்தெடுப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த ஒருத்திக்காகத்தான் டீச்சர் அந்தப் பீரியடுக்கு ஆசையாகப் போனாள்.

மற்றவர்களுக்கும் உறைக்க வேண்டுமே. எலக்ட்ரீஷியனான தன் வீட்டுக்காரரிடம் சொல்லி, பழைய சுவிட்ச் பெட்டி ஒன்றில் மேலே ஓட்டை போட்டு வாங்கினாள்.

"விளையாட்டுக்குத்தானே, பூட்டு எதுக்கு?" என்றார் அவர்.

"பூட்டு இருந்தாத்தாங்க பயம் வரும். மூணே நாள்ல பெட்டியே வேணாம்னு அதுங்களே சொல்லும், பாருங்க."

வகுப்பில் வைத்த முதல் நாள் நாலு சீட்டு. மூன்றாம் நாள் முப்பது. வெள்ளிக்கிழமை பெட்டிக்கு மூச்சு முட்டியது. பிள்ளைகள் வெட்கப்படட்டும் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் திறந்து வாசித்தாள். அதுதான் அவள் செய்த பைத்தியக்காரத்தனம். 'பேசினாள்', 'சிரித்தாள்', 'கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கினாள்' என்று சீட்டுக்குச் சீட்டு புகார். பாதிக்கு மேல் வாயாடியின் பெயர். நாற்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் எப்படி இருந்துச்சு?" என்று டீச்சர் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு டீச்சர். எடுத்துடாதீங்க" என்றான் வகுப்புத் தலைவன்.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வராந்தாவில் வந்தார். எட்டாம் வகுப்பு சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் பல்.

"பிரமாதம் டீச்சர். சாவிய என்கிட்ட குடுங்க."

"சார், இது தப்புன்னு காட்டத்தான் சார் வச்சேன்."

"சத்தம் நின்னுருக்கே, அப்புறம் என்ன தப்பு?"

திங்கட்கிழமை எல்லா வகுப்புக்கும் பெட்டி வந்துவிட்டது. சுவரில் ஆணி அடித்து மாட்டியவரே டீச்சரின் வீட்டுக்காரர்தான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டை இழுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

நாவல் முடிந்த அன்று வாயாடியைத் தனியாக நிறுத்தினாள். "ஏதாவது கேக்கணுமா கண்ணு?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்."

"அதப் பாத்தா பயப்படற? ஹெட்மாஸ்டருக்கு வேற வேலை இல்ல, மாட்டி வச்சிருக்காரு. நீ பாட்டுக்கு கேளு."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பரீட்சையில் கேள்வி, நாவலின் பெட்டி ஏன் தவறு என்பது. விடைத்தாள்களை வாங்கும்போதே டீச்சர் புரட்டிப் பார்த்தாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் பிரமாதமாக எழுதியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் ஊரில் அன்பு இருக்காது என்று வகுப்புத் தலைவன் அடிக்கோடு வேறு போட்டிருந்தான். வாயாடி ஒன்றரைப் பக்கம். எல்லாருக்கும் முழு மார்க் போட்டாக வேண்டும்.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போகும்போது வழக்கம்போல ஆளுக்கொரு சீட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். கடைசியாக வாயாடி வந்தாள். நாலாக மடித்த சீட்டு. டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனாள்.

ஹெட்மாஸ்டரைப் பற்றித் தான் சொன்னது டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைக் கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சர், முகமே சரியில்ல?"

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார்."