கண்மாயில் லாரி டியூப்

போனவர்கள்: சோலை, மூணாறுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். பஞ்சவர்ணம், என் மனைவி. கூப்பிடவில்லை, ‘நானும் வாரேன்’ என்று கிளம்பிவிட்டாள். அப்புறம் நான். கண்மாயில் எங்களோடு சேர்ந்தவர் கருப்பணன். மீன் குத்தகைக்காரர் வைத்த காவல்காரர்.

நானும் லாரி ஓட்டியவன்தான். போன வருஷம் ஜாக்கி நழுவி வண்டி இடது கால்மேல் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, கால் சூம்பிவிட்டது. ஆட்டிக்கொண்டே இருக்கணும், விட்டால் மரக்கட்டை ஆகிவிடும் என்றார் டாக்டர். வலித்தது. நான் ஆட்டவில்லை. சிம்மக்கல்லில் ஒரு பஞ்சர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். எல்லா வேலையையும் வலது கால் பார்த்தது.

மூணாறில் ஓர் எஸ்டேட் துரை ரப்பர் மிதவையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, புழு இல்லாமல் இறகு கட்டிய தூண்டிலை வீசி மீன் பிடிப்பாராம். சோலை அவரிடம் வீசப் பழகியிருந்தான். அவர் கழித்துப் போட்ட மூங்கில் கம்புகள் இரண்டும் நூலும் இவனிடம் இருந்தன.

“தண்ணி காலைத் தாங்கிக்கிரும் மாப்ள. நீ உதைச்சாப் போதும்” என்றான்.

மிதவைக்குக் கடையில் பழைய லாரி டியூப் கிடந்தது. இரண்டை எடுத்தேன். நடுவில் சாக்கைக் கட்டி, கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாத ஞாயிறு. காலை ஐந்தரைக்கு சிம்மக்கல்லில் டவுன் பஸ். சோலை என்னை அக்குளில் கைகொடுத்து மூட்டையைப் போல ஏற்றினான். டிக்கெட் எழுபத்தைந்து பைசா. டியூப்புக்கும் லக்கேஜ் போடணும் என்றார் கண்டக்டர்.

“காத்தே இல்லாத டியூப்புண்ணே. மடிச்சு மடியில வச்சுக்கிறோம்” என்றான் சோலை. கண்டக்டர் சிரித்துவிட்டுப் போனார்.

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினோம். அங்கிருந்து கீழக்குயில்குடி சுமார் மூன்று கிலோமீட்டர். வைக்கோல் ஏற்றப் போன மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டது. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பாதை முழுக்க ஈசல் இறகு.

ஏழு மணிக்குக் கண்மாய்க் கரை. சமணர் மலை தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. குத்தகைக்காரரிடம் சோலை முன்பே சொல்லிவைத்திருந்தான். கருப்பணன் தூண்டிலை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முள்ளில் சேவலின் கழுத்து இறகு, ஈசலைப் போலக் கட்டியது.

“கோழி றெக்கைய மீனு திங்குமாக்கும்?”

“சண்டைச் சேவல் றெக்கைண்ணே” என்றான் சோலை.

“செயிச்சதா, தோத்ததா?”

“தோத்தது.”

“அப்பச் சரி. மீனு பயப்படாது.”

கடையிலிருந்து கொண்டுவந்த பம்பைப் பஞ்சவர்ணம் அடித்தாள். “உங்களைத் தண்ணியில தள்ள நானே காத்தடிக்கிறேன் பாருங்க” என்றாள். டியூப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். எனக்கு நீச்சல் தெரியும். ஒற்றைக் காலோடு தெரியாது.

இறங்கினேன். சோலை சொன்னது உண்மைதான். காலுக்கு எடையே இல்லை.

இந்த மீன்பிடியில் கற்க வேண்டியது இரண்டு. முதலாவது வீச்சு. இறகுக்குக் கனம் கிடையாது. நூலின் கனத்தில்தான் அது போகும். கம்பைப் பின்னால் கொண்டுபோய், நூல் முதுகுக்குப் பின்னே முழுக்க நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். நான் பொறுக்கவில்லை. இறகு என் தலையில் விழுந்தது. அடுத்தது சட்டையில் குத்தியது. அதற்கடுத்தது பஞ்சவர்ணத்தின் கயிற்றில் சிக்கியது.

“நில்லு மாப்ள, நில்லு! பின்னாடி போனது போய்ச் சேர வேணாமா?” என்று தன் டியூப்பிலிருந்து கத்தினான் சோலை.

கயிறு இடைஞ்சல் என்று நானே அவிழ்த்துவிட்டேன். வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. இறகு சத்தமில்லாமல் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் காற்று என்னை நடுவுக்குக் கொண்டுபோனது தெரியவில்லை.

“அங்கிட்டு ரெண்டாள் ஆழம்யா!” என்றார் கருப்பணன்.

இரண்டாவது பாடம் அங்கே. இந்த மிதவையில் முதுகுப் பக்கமாகத்தான் போக முடியும். உதைத்தேன். பழக்கத்தில் வலது கால்தான் உதைத்தது. டியூப் சுற்றியது. மலை வந்தது, போனது. பனைமரம் வந்தது. கரையில் பஞ்சவர்ணம் வந்தாள், போனாள். மறுபடி மலை வந்தது. பலமாக உதைக்க உதைக்க வேகமாகச் சுற்றியதே தவிர, கரைப்பக்கம் ஒரு முழம் நகரவில்லை.

நான் அவிழ்த்துவிட்ட கயிற்றோடு சோலை பக்கத்தில் வந்துவிட்டான். “கயித்தைப் போடட்டா மாப்ள?”

நான் பதில் சொல்வதற்குள் கரையிலிருந்து பஞ்சவர்ணம் கத்தினாள்: “போடாதீங்கண்ணே! ஒரு வருசமா நான் தூக்கியாச்சு. அவுகளா வரட்டும்.”

கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் டியூப் சுற்றி அவளுக்கு முதுகைக் காட்டிவிட்டது.

உதைப்பதை நிறுத்தினேன். இடது காலை மட்டும் அசைத்தேன். வலித்தது. கொஞ்சம் அசைந்தது. அது எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் வலது காலும் தள்ளட்டும் என்று விட்டேன். வலது காலை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. இடது கால் ஒரு தரம். அது முடிந்த பிறகு வலது கால். மலை நேரே நின்றது. மெல்லத் தள்ளிப் போக ஆரம்பித்தது.

முதுகுப் பக்கம் கரை எவ்வளவு தூரம் என்று தெரியாது. அவள் குரல்தான் கணக்கு. “வாங்க, வாங்க. கொஞ்சம் பனைமரத்துப் பக்கம். ஆங், அப்படியே வாங்க.” குரல் பக்கத்தில் வர வர அதட்டல் குறைந்தது. இரண்டு கைகள் டியூப்பைப் பிடித்தன.

அப்போதுதான் கம்பு வளைந்தது. இழுத்துக்கொண்டே வந்த இறகை எதுவோ கவ்வியிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை.

“தின்னுருச்சேய்யா!” என்றார் கருப்பணன்.

சோலைக்கு அன்று ஒன்றும் விழவில்லை. காவல்காரர் கண் பட்டுவிட்டது, கம்பு பழசு என்று ஏதேதோ காரணம் சொன்னான்.

பதினோரு மணிக்குத் திரும்பும் பஸ். சோலை கைகொடுக்க வந்தான். வேண்டாமென்று கம்பியைப் பிடித்தேன். இடது காலை வைத்தேன். அது ஊன்றி நிற்கும்வரை பொறுத்தேன்.

“ஏறுய்யா சீக்கிரம், பொழுது போயிரும்” என்றார் கண்டக்டர்.

“போனாப் போகுது. நீங்க விசிலைக் கையில வச்சுக்கங்க” என்றாள் பஞ்சவர்ணம்.

மதுரையில் எல்லாம் ஓட்டம். சிம்மக்கல்லில் நின்று நின்று நடந்தால் பின்னால் வருகிறவன் திட்டுவான். கண்மாயில் அப்படி யாரும் இல்லை. பழகுவதற்கு அது நல்ல இடம். அடுத்த ஞாயிறும் போனோம்.

முதல் தடவை போய்வந்த மறுநாள் கடையில் எல்லோரும் எம்புட்டு மீன் என்றுதான் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஒன்று.