யன்னல் ஸ்பிரிங்கில் வந்த எதிரொலி

நல்லாய் வேலை செய்கிற வானொலியோடு எந்த மனுசனும் திருத்துகிறவனைத் தேடி வந்ததில்லை. என்னைப்போல் சோல்டர் புகை குடித்துப் பழகிய திருத்துகாரர் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பு வேலையை விட்டுவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் முல்லைத்தீவுக் கரைக்குத் திரும்பி வானொலி திருத்தும் கடை போட்டவன் நான். சண்டையால் மின்சாரம் இல்லாத, சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தொண்ணூறுகள். அப்போது வந்த ஒரு வேலையை நினைத்தால் இன்றைக்கும் கை பரபரக்கிறது.

செத்த சத்தம்

யூட் கடற்தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கோயில் பாடகர் குழுவின் கிற்றார்காரன். கிற்றாருக்குள் மைக் ஒன்றை ஒட்டி, உழவு மெசின் பற்றரியில் ஓடும் அம்ப்ளிபயரில் கொடுத்திருந்தான். ஷெல் விழுந்து கோயில் உடைந்தபின் பூசை தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்கு மாறியது. கல்சுவர் திருப்பித் தந்த ஒலியைக் கிடுகு அப்படியே விழுங்கிவிட்டது. குழுவை நடத்தும் மெற்றில்டா ரீச்சர், திருநாளுக்கு ஹார்மோனியம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டா. யூட் நேரே என் கடைக்கு வந்தான்.

“அண்ணை, தகரப் பேணியில தட்டினமாதிரி இருக்காம். திருநாளுக்குள்ள ஏதும் செய்யுங்கோ, இல்லாட்டி நான் கடைசி வாங்கில குந்தியிருக்க வேண்டியதுதான்.”

மூன்று வழி

என்னிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. கிடுகு விழுங்கிய ஒலியைத் திருப்பித் தரும் எதிரொலிப் பெட்டி செய்ய அதில் மூன்று வழி. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, அவன் வாய் பிளந்து கேட்டான். ஒலிநாடாவை வளையமாய்ச் சுற்ற விடலாம். ஆனால் மோட்டார் பற்றரியைக் குடித்துவிடும். சிப் வைத்துச் செய்யலாம். ரோச் லைற் பற்றரியையே மறிக்கிற சோதனைச் சாவடி சிப்பை விடுமா? மூன்றாவது ஸ்பிரிங். ஒரு முனையைச் சின்ன ஸ்பீக்கர் ஆட்டும். மறுமுனையில் இசைத்தட்டு ஊசித்தலை அந்த ஆட்டத்தைப் பிடிக்கும். இடையில் ஒலி ஓடி ஓடித் திரும்பும். ஸ்பீக்கரும் ஊசித்தலையும் கடையிலேயே கிடந்தன. நீளமான, மெல்லிய ஸ்பிரிங்குக்கு எங்கே போவது?

யூட் துள்ளி எழும்பினான். “யன்னல் சீலை கொழுவுறது ஸ்பிரிங்தானே அண்ணை! மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

சீலை

அடுத்தநாளே அவன் மனைவி செல்வி, கழன்ற யன்னல் சீலையைத் தோளில் போட்டபடி கடை வாசலில் நின்றா. யூட் என் முதுகுக்குப் பின்னால். பிளாஸ்ரிக் உறையைச் சுரண்டிய ஸ்பிரிங் அப்போதுதான் பலகைப் பெட்டிக்குள் ஏறியிருந்தது. வாயால் சமாளிக்க முடியாது என்று கண்டு, யூட்டைக் கிற்றாரின் ஒரு தந்தியைத் தட்டச் சொன்னேன். ஒலி எழும்பி, நீண்டு, மெல்ல அடங்கியது. மூன்று பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

செல்வி சீலையை மடித்தா. “நல்லாத்தான் கிடக்கு. ஆனா றோட்டில போறவன் எல்லாம் இப்ப எங்கட குசினி அடுப்பைத்தான் பாக்கிறான்.”

இடி

பெட்டியைக் காலடியில் வைத்து அதன் சுவிச்சை மிதிக்கவேண்டும் என்றது புத்தகம். அப்படியே வைத்தோம். ஒத்திகையில் ரீச்சர் கை காட்ட, யூட் உற்சாகத்தில் ஓங்கி மிதித்தான். உள்ளே ஸ்பிரிங் குலுங்கி, ஸ்பீக்கரில் ‘டமார்’ என்றொரு முழக்கம். கண் மூடித் திறக்குமுன், ஷெல்தான் என்று பாடகர் குழு முழுக்கப் பங்கர்க் குழிக்குள். முதலில் குதித்தது நான். பெட்டியைச் செய்தவனும் நானேதான்.

தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி ரீச்சர் என்னிடம் சொன்னா: “தம்பி, ஹார்மோனியம் ஒருநாளும் எங்களைப் பங்கருக்குள்ள அனுப்பினதில்லை.”

தங்கூசி

வழி கண்டது யூட். புத்தகத்தை மூடச் சொன்னான். வலை பின்னுகிற தங்கூசி நூலால் பெட்டியைக் கொட்டில் கூரையின் வளைமரத்தில் தொங்கவிட்டு, சுவிச்சை மட்டும் வயர் நீட்டிக் காலடிக்குக் கொண்டுவந்தான். இனி எவ்வளவு மிதித்தாலும் ஸ்பிரிங்குக்கு அதிர்ச்சி போகாது. “கடைசியாய் ஒருதரம் கேக்கிறன்” என்றா ரீச்சர். திருநாளுக்கு முதல்நாள் அது.

யூட் மெதுவாக மிதித்து, தந்திகளை வருடினான். கிடுகுக்குக் கீழே கல்சுவர்கள் எழும்பின. அப்படித்தான் கேட்டது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, ஒலி முழுதாய் அடங்கும்வரை நின்றா. பிறகு ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்து யூட்டுக்கு முன்வரிசையில் இடம் விட்டுவிட்டு, என்னைப் பார்த்தா.

“சுவர் எழுப்பிப்போட்டியள் தம்பி. இனிக் கூரை மட்டும்தான் பாக்கி.”

என் கடையில் இருந்து போன பொருட்களில் திரும்பித் திருத்த வராதது அந்தப் பெட்டி ஒன்றுதான், அதுவும் நூல் அறுந்தால் ஊரே பங்கருக்குள் இறங்கும் என்ற உத்தரவாதத்தோடு.