சுக்கானியை ஏன் எழுப்பவில்லை?

பர்மாவில் மௌல்மேன் தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் மேசையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவள் ந்வே யின். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில் கடிதக் கட்டை அவிழ்த்தபோது மூன்றாவதாகக் கையில் வந்தது ஒரு பழுப்பு உறை. ராணுவ அரசாங்கத்தின் முத்திரை. ‘மோ தீடா’ என்று பெயர் போட்டிருந்தது.

மோ தீடா அவள்தான். அந்தப் பெயரில் கதை எழுதுகிறாள் என்பது புருஷனுக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும். பத்திரிகைக்குக்கூடத் தபால்பெட்டி எண்தான் கொடுத்திருந்தாள். உறையிலோ அவள் வீட்டு முகவரி, கதவு எண்ணோடு இருந்தது.

உள்ளே நாலே வரி. ‘படகு’ என்ற கதை தணிக்கைக்கு வந்திருக்கிறது. அதை என்ன நோக்கத்தோடு எழுதினீர்கள் என்று விளக்க, வியாழன் காலை பத்து மணிக்கு ரங்கூன் அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

சின்னக் கதைதான். ஆற்றைக் கடக்கும் பெரிய படகில் சுக்கான் பிடிக்கிறவர் நடு ஆற்றில் தூங்கிப்போகிறார். பயணிகள் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவரும் எழுப்பவில்லை. படகு மணல்திட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது.

புருஷன் தௌங் ஹான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“யாரை மனசுல வச்சு எழுதுன?”

“யாரையும் இல்லங்க.”

“பின்ன ஏன் எழுதுன?”

“தெரியல.”

“அங்க போய் தெரியலன்னு மட்டும் சொல்லிடாத. அப்படிச் சொன்னவங்க யாரும் அன்னைக்கே வீடு திரும்பினதில்ல.”

அவளுடைய பழைய நோட்டுகளை அவர் ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். எடுத்துக் கொடுத்தது அவள்தான். ஏன் கொடுக்கிறோம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

புதனன்று கிளம்புவதற்குள் நாலு விளக்கம் எழுதிப் பார்த்தாள். பயணிகளுக்குப் பாதுகாப்பு உணர்வு வரவேண்டும் என்று ஒன்று. பொழுதுபோக்குக்காக என்று இன்னொன்று. படிக்கும்போதே பொய் பல்லை இளித்தது. பேர் வாங்கவா எழுதினாள்? பேரையே ஒளித்தவளாயிற்றே. ஆபீஸ் விட்டு வந்து, சோறு வடித்து, கால் மரத்துப்போக உட்கார்ந்து எதற்கு எழுதினாள்?

மார்ட்டபானில் ரயில் பிடிக்க ஆற்றைக் கடந்தாகவேண்டும். படகில் சுக்கானியின் பிடரி கண்ணுக்கு நேரே தெரிந்தது. அவர் வாயில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனை அவளைப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோனது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு மத்தியானம் அப்பா குடித்துவிட்டுப் படுத்திருந்தார். விரலிடுக்கிலிருந்து சுருட்டு நழுவிப் பாயில் விழுந்தது. பாய் கருகியது, ஓரமாகத் தீ ஓடியது. அம்மா, அவள், தங்கை மூவரும் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்கள். ஒருவரும் எழுப்பவில்லை. புகை கண்டு பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரோடு ஓடிவந்து தீயை அணைத்தார்.

இதுதானா? இதைத்தானா எழுதினோம்? ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷமே வேறொன்று உறைத்தது. இந்த உண்மையைச் சொன்னால் அந்த நாலு பொய்யையும்விட ஆபத்து.

ரங்கூன் அலுவலகத்தில் அவளை விசாரித்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஆசிரியையை அழைப்பதுபோல ‘சயாமா’ என்று அழைத்தார். அந்த மரியாதைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“கதை நல்லா இருக்கு சயாமா. ஒரே ஒரு சந்தேகம். அத்தன பேரும் ஏன் சும்மா இருந்தாங்க?”

வழியெல்லாம் உருப்போட்ட பதில் ஒன்று இருந்தது. வாயில் வந்தது வேறு.

“பயம் சயா.”

“படகு முழுகிடும்னா?”

“இல்ல. அவர் முழிச்சுடுவார்னு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “முழிச்சா?”

“அடிப்பார். எங்கப்பா அடிப்பார். கையில எது கெடச்சாலும்.”

பாயைச் சொன்னாள், சுருட்டைச் சொன்னாள், அம்மாவின் உடைந்த மணிக்கட்டைச் சொன்னாள். நிறுத்த முடியவில்லை. அவர் ஒரு வார்த்தைகூடக் குறித்துக்கொள்ளவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க. சொன்னா, உங்கப்பாவைப் பத்தின்னு ஒருத்தரும் நம்பமாட்டாங்க.” ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “எழுதுங்க. மூணு நாளாத் தூங்காம உழைச்சவர், பாவம்னு பாசத்துல எழுப்பாம விட்டாங்க.”

எழுதினாள். கையெழுத்து கோணிப்போனதால் இரண்டாவது தடவை போடச் சொன்னார்.

அன்று மாலை ரயிலில் ஏறியபோதும் பின்னால் யாரோ வருகிறார்கள் என்றே இருந்தது. யாரும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வரியோடு கதை வெளிவந்தது. முடிவு உருக்கமாக இருக்கிறது என்று வாசகர் கடிதங்கள் வந்தன. தங்கை ஓன் ச்சீ படித்துவிட்டுப் பத்திரிகையை மூடினாள்.

“பாசமா? நீயாக்கா எழுதுன?”

“பயந்து எழுதினேன்டி.”

“யாருக்கு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பாயைப் பற்றி அக்காவும் தங்கையும் முப்பத்துநாலு வருஷத்தில் பேசிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. ஓன் ச்சீ அழவில்லை. “நான் எழுப்பலாம்னுதான் ஒரு அடி எடுத்து வச்சேன்க்கா. நீதான் என் கையப் புடிச்சு இழுத்த” என்றாள்.

ந்வே யினுக்கு அது நினைவே இல்லை.

மறுநாளே புது நோட்டு வாங்கினாள். இந்தத் தடவை படகு இல்லை, ஆறு இல்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுக்கும் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினாள். எங்கும் அனுப்பவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். சத்தம் தாண்டிப் போகிறவரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதுவாள்.