தோசைக்கல்லில் நின்ற வக்கீல்

என் கையெழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்பது இன்றும் குத்துமதிப்புதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் டப்ளினில் என் அத்தான், அதாவது அக்கா புருஷன், நடத்தும் ஓட்டலில் தோசை போடுகிறேன். தினமும் காலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருவார். அவர் ஊரில் வக்கீலாம். முதலில் முதலாளிகளுக்காகத்தான் வாதாடினார். ஒரு சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களுக்கு எதிராக வழக்கை ஜெயித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தேர்தலில் மூன்று முறை தோற்றார், ஒரு முறை ஜெயித்தார், மறுபடி தோற்றார். அப்போது நம் ஊர் அப்பா அம்மாக்கள் போலவே, மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்திருந்தார்.

நான் யாரோடும் பேசமாட்டேன். அவரோடு பேசினேன். என் ஆங்கிலம் எவ்வளவு ஓட்டையோ அவருடையதும் அவ்வளவு ஓட்டை. அதனால் வெட்கமில்லை.

அந்த வருடம் என் மகளுக்கு ஹைஸ்கூல் கிராஜுவேஷன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடிக்கும் முதல் ஆள். ஆனால் அது சனிக்கிழமை காலை, ஓட்டலில் கூட்டம் அள்ளும் நேரம். லீவு கேட்க இரண்டு வாரமாகக் கல்லாவுக்குப் போவேன், "சட்னி போதுமா அத்தான்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

வக்கீலிடம் சொன்னேன். மறுநாள் கோட்டும் டையுமாக வந்து, கல்லா முன் நின்று, உழைப்பாளியின் உரிமை பற்றி இருபது நிமிடம் பேசினார். வரிசையில் நின்ற நம்மவர்கள் நன்கொடை கேட்கிறார் என்று பர்ஸைத் தடவினார்கள்.

"என்ன மாப்ள, லீவு வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா? வக்கீல் வெச்சு நோட்டீஸா? உங்கக்காவுக்குத் தெரிஞ்சா என்னை டைவர்ஸ் பண்ணிடுவா!" என்றார் அத்தான்.

நான் மாவைக் கலக்கிக்கொண்டே நின்றேன்.

"சரி, சனிக்கிழமை கல்லுல யாரு நிப்பா? சார் நிப்பாரா?" அதையே ஆங்கிலத்தில் அவரிடமும் கேட்டார்.

"நிற்பேன்," என்றார் வக்கீல், தேர்தலில் நிற்பவர் மாதிரி.

மகள் மேடை ஏறியபோது என்னை அறியாமல் விசில் அடித்துவிட்டேன். "அப்பா, ஸ்டாப்! ப்ளீஸ்!" என்று மேடையிலிருந்தே வாயசைத்தாள்.

மதியம் ஓட்டலுக்கு வந்தால், வக்கீல் ஏப்ரனோடு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அத்தான் வேர்த்து வழிய தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா மாப்ள! இருபது தோசை போட்டார், நாலுதான் தட்டுக்கு வந்துச்சு. மணிக்கொரு தடவ பிரேக்காம். ஸ்டூல் வேணுமாம். பாத்திரம் கழுவுற ரெண்டு பேரையும் சேத்து யூனியன் ஸ்டார்ட் பண்ணிட்டார்! இனிமே மாசத்துக்கு ஒரு சனிக்கிழம நீயே லீவு எடுத்துக்கோ. கேக்கக்கூட வேணாம். இவர மட்டும் கூட்டிட்டு வராத."

அத்தான் என்ன சொன்னார் என்று வக்கீல் கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்றேன்.

"எத்தனை ஓட்டு?"

அத்தானைக் காட்டி, ஒன்று என்றேன்.

"போதும்," என்று ஏப்ரனை அவிழ்த்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது இதை எழுதி வை என்றார். மூன்று வருடம் தள்ளிப்போட்டு, இந்த மாத லீவில்தான் உட்கார்ந்தேன்.

டப்ளின், ஜூன் 14, சனிக்கிழமை.