அரைக்கப்பட்ட அரசி

நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் மாலை நேர ஜெர்மன் வகுப்பைப் பிடித்ததும் அப்படித்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகளுக்கு இரண்டு வயது. கணவருக்கு ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. பின்னேரம் போனால் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வருவார். வகுப்பு நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை வைத்திருப்பார்.

முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளருக்கான தொழிற்பயிற்சியில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதை இங்கே அவுஸ்பில்டுங் என்பார்கள். வகுப்பின் கடைசி நாளில் யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் ஜெர்மனில் பேசித் தேறினால் இடம் தருவதாக இல்லத்தில் சொல்லியிருந்தார்கள்.

"ஒருக்கா முயற்சி செய்து பாரும். சரிவரேல்லையெண்டால் பிள்ளையைப் பாத்துக்கொண்டு வீட்டிலை இரும்" என்றார் கணவர்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த 'ஒருக்கா' எனக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு தடவைதான் என்று எனக்குக் கணக்கு வைக்க இவர் யார்?

யாரைப் பற்றிப் பேசுவது என்று நூலகத்தில் தேடினேன். பெரிய எழுத்தில் ஒரு சிறுவர் புத்தகம் அகப்பட்டது. ஜெர்மனியின் ஒரு குட்டி அரச குடும்பத்தில் பிறந்து, கடல் கடந்து இங்கிலாந்து அரசனுக்கு மனைவியாகப் போன ஒருத்தியின் கதை. பதினேழு வயது. மாப்பிள்ளையை முன்பின் கண்டதில்லை. ஆங்கிலம் தெரியாது. கப்பல் புயலில் அலைக்கழிந்து, போய்ச் சேர்ந்த அன்றே கலியாணம். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நானும் படத்தில் மட்டும் கண்ட ஒருவருக்குக் கழுத்தை நீட்ட இந்த நாட்டுக்கு வந்தவள்தானே. எனக்காவது ஒரு கிழமை அவகாசம் விட்டார்கள். அவளுக்கு முகம் கழுவ நேரம் கொடுத்தார்களோ என்னவோ.

பிறகு அவளுக்குப் பதினைந்து பிள்ளைகள். வயது போன காலத்தில் அரசனுக்குப் புத்தி பேதலித்தது. பிறந்த மண்ணுக்கு அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இவளைப் பற்றித்தான் பேசுவேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

புத்தகத்தில் அவளை அரசனின் 'கெமாலின்' என்று எழுதியிருந்தது. நான் அகராதியைத் தொடவில்லை. கோப்பிப் பக்கற்றிலும் மிளகுத்தூள் போத்தலிலும் 'கெமாலன்' என்று போட்டிருக்கும். அரைத்தது என்று பொருள். எனக்கு ஜெர்மன் முதலில் வந்தது சமையலறை வழியாகத்தான். ஆக, கெமாலின் என்றால் அரைக்கப்பட்டவள். என்ன பொருத்தமான சொல் என்று வியந்துபோனேன். நாங்களும்தான் வீட்டுக்கு வந்த மருமகளை அரைக்கிறோம், ஆனால் வெளியே சொல்வதில்லை. இவர்களோ ஒளிவுமறைவில்லாமல் அதையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார்கள்!

கடைசி நாளன்று குடும்பத்தவரும் வரலாம் என்றார்கள். கணவர் லீவு போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தார். நான் எழுந்து நின்று தொடங்கினேன்.

"ஜெர்மன் மொழியை நான் மெச்சுகிறேன். அரசனின் மனைவியை இங்கே உண்மையாக, அரைக்கப்பட்டவள் என்று சொல்கிறார்கள். மிளகைப் போல."

வகுப்பே சிரிப்பில் குலுங்கியது. பக்கத்தில் இருந்த துருக்கிப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்: கெமாலின் என்றால் துணைவி, மரியாதையான பழைய சொல், அரைப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என் காது இரண்டும் எரிந்தன. பின்வரிசையைப் பார்த்தேன். கணவர் குனிந்து மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்தே இருக்கவில்லை. என்னை நினைத்து வெட்கப்படுகிறார் என்று விளங்கியபோது எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இப்போது உட்கார்ந்தால் அவர் சொன்ன அந்த 'ஒருக்கா' முடிந்துவிடும்.

"சொல் பிழைதான். ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன் ஜெர்மனில்.

சிரிப்பு அடங்கியது. புயலைச் சொன்னேன், புருசனுக்கு வந்த நோயைச் சொன்னேன், போன இடத்தின் மொழியை அந்தப் பெண் போன பிறகே கற்றுக்கொண்டதைச் சொன்னேன். வினைச்சொல்லைத் தமிழில் போலக் கடைசிக்குத் தள்ளித் தள்ளிப் பேசினேன். ஆசிரியை திருத்த வாயெடுத்தபோதும் நிற்கவில்லை. முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தேறிவிட்டதாக ஆசிரியை சொன்னபோது துருக்கிப் பெண் என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

திரும்பும்போது டிராமில் மகள் அவர் தோளில் தூங்கிப்போனாள்.

"பாஸ் பண்ணிட்டீர், சந்தோசம். படிச்சது இனிக் காணும்தானே?" என்றார்.

"காணாது. வாற மாதம் அவுஸ்பில்டுங் தொடங்குது. விடியவே நான் போகவேணும். நீங்கள் பின்னேரம்தானே வேலைக்குப் போறியள்? நான் வருமட்டும் பிள்ளையைப் பாருங்கோ."

அவர் திகைத்துப்போனார். "இஞ்சாரும், என்ன விசர்க்கதை? பொம்பிளைப்பிள்ளைக்குச் சீப்பாலை தலை இழுக்க, சோறு தீத்த எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஏலாது."

நாள்தோறும் ஊருக்கே சமைத்துப் போடுகிற மனிதருக்கு, ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதாம். டிராம் எங்கள் தரிப்பிடத்தில் நின்றது. நான் எழுந்து முன்னால் நடந்தேன்.

"தெரியாட்டிப் பழகுங்கோ," என்றேன். "நானும் இஞ்சை வந்துதான் எல்லாம் பழகினனான்."