கொலைகாரக் கையோடு பெண் பார்க்கப் போனோம்

இந்த இடமாவது அமையட்டும் என்று காமாட்சியை வேண்டிக்கொண்டு, இன்று தங்கை மகன் சேகருக்குப் பெண் பார்க்கப் போனோம். அவர்களும் நெசவுக் குடும்பம்தான்.

நேற்றுதான் சேகர் ஒரு குறும்படத்தில் நடித்தான். எழுபதுகளில் நடக்கிற கதை; ஜரிகை திருடப்போய்க் கொலைகாரனாகிற பள்ளிக்கூடத்துப் பையன் வேஷம். ரத்தத்துக்கு நான் காய்ச்சிய பட்டுச் சாயம்.

பெண் வீட்டில் காபி வாங்கக் கையை நீட்டினான். பெண்ணின் அப்பா மிரண்டார்.

"இன்னாபா இது, கையெல்லாம் ரத்தமா?"

"கொலை பண்ணிட்டு வந்துக்கிறான், சினிமாவுலதான்ணா. அது எங்க வூட்டு சாயம்" என்றேன்.

துண்டை நனைத்து அவன் கையைத் தேய்த்துப் பார்த்தார். துளியும் போகவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"கெட்டிச் சாயம்மா! முகூர்த்தப் புடவைக்கும் நீங்களே போட்டுடுங்க."

ஆக, கொலைக்குத் தண்டனை கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் என்ன குற்றம் செய்தார், சொல்லுங்களேன்.